ஆளில்லாத இடத்தில் ஒரு மன்னிப்பு

வைட்ஃபீல்ட்,
12 ஜனவரி 2026

ஆஞ்சலாவுக்கு,

நேற்றுப் பூசையில் உனக்கும் ஆண்ட்ரூவுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். "டொமினிக் பொண்ணுக்கு ஓலை வாசிச்சிட்டாங்கடி. கேட்டதும் எனக்கு எப்படியோ ஆயிடுச்சு" என்றாள். அவளுக்கு எப்படியோ ஆனதற்குக் காரணம் நீ. ஆனால் அம்மா இன்றுவரை தப்பு என்மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் நம்பரை நான் பிளாக் செய்தது செய்ததுதான், அதை எடுக்கப் போவதில்லை. அதோடு, போனில் எழுதினதை நீ அழித்துவிடுவாய். அழிப்பதில் நீ கெட்டிக்காரி.

நீ மறந்திருப்பாய், அதனால் நடந்ததை நானே சொல்கிறேன். 2019 நவம்பர். எனக்கும் டிரேவருக்கும் இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்று ஞாயிறு கோவிலில் பெயரை வாசித்து, "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்" என்று கேட்டு, மூன்றும் தாண்டினால்தான் தாலி. எனக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த வாரம் என் ஆபீஸ் தோழி பார்கவி, வீட்டுக்குத் தெரியாமல் நாகேஷை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். நான் சாட்சிக் கையெழுத்து போடப் போனேன். மூன்று பேரும் நின்று எடுத்த படத்தை உன்னிடம் நம்பிக் காட்டினேன்.

நீ அதை உன் போனுக்கு அனுப்பிக்கொண்டாய். பார்கவியை வெட்டி எடுத்தாய். மாலை போட்ட நாகேஷையும், கையில் மாலையோடு பக்கத்தில் நிற்கும் என்னையும் மட்டும் விட்டுவைத்தாய். நம் கோவில் பங்கின் இளையோர் குழு ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, மேலே ஒரு வரி எழுதினாய்: "எங்க அக்காவுக்கு ஒரு கல்யாணம் பத்தாதாம்!" பங்கே விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். என் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. விசாரிக்க வேண்டும் என்று ஃபாதர் நிறுத்தி வைத்தார். அவர் விசாரித்து முடிப்பதற்குள் டிரேவர் வீட்டார் கைகழுவிவிட்டார்கள்.

இப்போது உன் முறை. நான் கேட்பது ஒன்றுதான். அதே ஃபேஸ்புக்கில், அதே குழுவின் பக்கத்தில், உன் பெயரில் உண்மையை எழுது. உன் மூன்றாம் ஓலைக்கு முன்னால் எழுத வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது. மாட்டேன் என்றால், ஆண்ட்ரூவின் அம்மா மரகதம் ஆன்ட்டியை நானே நேரில் பார்த்து, அவர் வீட்டுக்கு வரப்போகிற மருமகள் எப்படிப்பட்டவள் என்று சொல்வேன். சொல்லும்போது ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

பவுலின்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
14 ஜனவரி 2026

பவுலின் அக்கா,

கூரியர் வந்ததும் யாரோ கல்யாணப் பரிசு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஓடிப்போய் வாங்கினேன். பிரித்தால் நீ. இத்தனை வருஷம் கழித்துச் சித்தப்பா மகளுக்கு எழுதுகிறாய், "நல்லா இருக்கியா" என்று ஒரு வார்த்தை இல்லை. போகட்டும்.

அது விளையாட்டு, அக்கா. எல்லோரும் எல்லோரையும் கிண்டல் செய்து படம் போட்டுக்கொண்டிருந்த காலம். இவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? பிரச்சினை என்றதும் படத்தை நானே அழித்துவிட்டேன். நீ அன்றைக்கே எழுந்து நின்று "இது பார்கவி கல்யாணம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

உன் நிபந்தனையைப் படித்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஃபேஸ்புக்கிலா? நீ எந்தக் காலத்தில் இருக்கிறாய்? அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்தே வருஷக்கணக்காகிறது. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தாரணியிடம் நேற்றுத்தான், "நீ ஃபேஸ்புக்ல இருக்கியா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "எங்கம்மா இருக்காங்க, ஏதாவது சொல்லணுமா?" என்றாள். அந்த வரிசையே சிரித்தது.

நம் செட்டில் யாருமே கோபித்துக்கொண்டு வெளியே போகவில்லை. முதலில் படம் போடுவதை நிறுத்தினோம். அப்புறம் பிறந்தநாளுக்கு மட்டும் எட்டிப் பார்த்தோம். அப்புறம் அதுவும் இல்லை. பஸ் வராத பிளாட்ஃபாரத்திலிருந்து ஜனங்கள் நகர்வார்களே, சிவாஜிநகரில் பார்த்திருப்பாய், அந்த மாதிரி ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டோம். அங்கே போய் நான் மன்னிப்புக் கேட்பது கல்லறைத் தோட்டத்தில் மைக் கட்டிப் பேசுகிற மாதிரி. உனக்கு அதில் என்ன கிடைக்கும்?

வேறு ஏதாவது கேள். இன்ஸ்டாவில் மட்டும் கேட்காதே, அங்கே ஆண்ட்ரூவின் நண்பர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நேரில் வருகிறேன், ஸாரி சொல்கிறேன், பிரியாணி வாங்கித் தருகிறேன். மரகதம் ஆன்ட்டியிடம் மட்டும் போகாதே. அவர் நல்லவர்தான், ஆனால் பொய் என்றால் ஆகாது. வீட்டில் வேலை செய்தவளை ஒரு பொய்க்காக அன்றைக்கே நிறுத்தியவர். உன்னைக் கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

ஆஞ்சலா


வைட்ஃபீல்ட்,
16 ஜனவரி 2026

ஆஞ்சலாவுக்கு,

உன் பிரியாணியை நீயே சாப்பிடு.

விளையாட்டு என்கிறாய். அந்த மூன்றாம் ஞாயிறு எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கேள். அம்மா மைசூர் சில்க் கட்டிக்கொண்டு, என்னையும் புடவை கட்டச் சொல்லி, முன்வரிசையில் உட்காரவைத்தாள். பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் அறிக்கைகளை வாசித்தார். நவநாள், ரத்ததான முகாம், ஞாயிறு மறைக்கல்வி. அப்புறம் ஓலை. வேறொரு ஜோடியின் பெயர் வந்தது. அடுத்தது நாம்தான் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபாதர் தாளை மடித்துவிட்டு, "எழுந்து நிற்போம்" என்றார். நான் எழவில்லை. ஓலையை நிறுத்திவைத்ததைப் பற்றி எனக்கு முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்தது.

ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறாய். பார்கவியின் அண்ணன்களுக்குத் தெரிந்தால் அவளை உயிரோடு விடமாட்டார்கள். ஒரு மாதம் பொறு என்று காலைப் பிடித்தாள். பொறுத்தேன். நான் வாய் திறந்தபோது டிரேவருக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது. பார்கவியை வீட்டுக்கே அழைத்துப் போய் அம்மா முன்னால் நிறுத்தினேன். "ஃபிரெண்டுக்காகப் பொய் சொல்றா. ஒண்ணும் இல்லாமலா போட்டோ போட்டு எழுதுவாங்க?" என்றாள் அம்மா. அந்தக் கேள்வியோடு ஒரே வீட்டில் சோறு தின்ன முடியாமல்தான் நான் வைட்ஃபீல்டில் வந்து பி.ஜி. ஹாஸ்டலில் கிடக்கிறேன். எனக்கு வேண்டியது உன் ஸாரி இல்லை. என் பெயர் எனக்குத் திரும்பி வர வேண்டும். எங்கே போயிற்றோ அங்கேயே வர வேண்டும்.

நீங்கள் எல்லோரும் நகர்ந்துவிட்டீர்கள் என்று எவ்வளவு லேசாக எழுதுகிறாய்! சிரித்துவிட்டு நகர்ந்தீர்கள். போரடித்தது, போய்விட்டீர்கள். நீ படத்தை அழித்த பிறகும் அதைப் பற்றிய பேச்சு அங்கங்கே தொங்கிக்கொண்டிருந்தது. என் படம் எதைப் போட்டாலும் கீழே ஒருத்தன் வந்து "இது எத்தனையாவது கல்யாணம்?" என்று கேட்பான். கேட்டவன் இன்று அங்கே இல்லை. அவன் கேட்டது இருக்கிறது. நான் கணக்கை மூடவும் இல்லை. மூடினால், "பாத்தியா, ஓடிட்டா" என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அதனால் அங்கேதான் எழுத வேண்டும். ஆளே இல்லாத இடம் என்று நீதானே சொல்கிறாய்? பிறகு எழுதுவதற்கு என்ன பயம்?

பவுலின்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
19 ஜனவரி 2026

பவுலினுக்கு,

நேற்று இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. உனக்கு நன்றாக எரியட்டும்.

அக்கா என்று எழுதவில்லை, கவனித்தாயா? உன் கடிதத்தைப் படித்தால் இந்த உலகத்திலேயே அடிபட்டவள் நீ ஒருத்திதான். அந்த நவம்பருக்கு முந்தின மாதம் என்ன நடந்தது என்று நீ எழுதவே இல்லையே. நானும் ராம்கியும் கப்பன் பார்க்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பாவிடம் வந்து வத்தி வைத்தது யார்? "சித்தப்பா, அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. சென்னையில் எனக்குக் கிடைத்த ஹோட்டல் மேனேஜ்மென்ட் சீட்டை அப்பா மறுநாளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். "வீட்டுக்குள்ள இருந்தாத்தான் நீ அடங்குவே" என்றார். ராம்கி எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்கு நீ எந்தப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டாய்? உனக்கு ஓலை வாசிக்கிற சந்தோஷத்தில் என் முகம்கூட உன் கண்ணில் படவில்லை.

ஆமாம், விளையாட்டு இல்லை. உன்னைப் பழிவாங்கத்தான் போட்டேன். நான் அழுத அழுகையை நீயும் அழ வேண்டும் என்றுதான் போட்டேன். இப்போது திருப்தியா?

உன் ஆசைப்படி எழுதியும் விட்டேன். பாஸ்வேர்டு மறந்துபோய், பழைய நம்பர் செத்துப்போய், அரை நாள் மல்லுக்கட்டி உள்ளே நுழைந்தேன். அக்கா, நீயே போய்ப் பார். (பார், பழக்கதோஷத்தில் அக்கா என்று வந்துவிட்டது.) நம் செட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. நிக்கோல் கடைசியாகப் போட்டது மூன்று வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் கேக். இறந்துபோன கிளமென்ட் அங்கிளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல் என்று ஃபேஸ்புக் என்னைக் கேட்கிறது. குழுவின் பக்கத்தைத் திறந்தால் நவநாள் அறிவிப்பு, ரோஜாப்பூ, காலை வணக்கம், மறுபடியும் ரோஜாப்பூ. ஆள் நடமாட்டமே இல்லை. காலி ஹாலில் தனியாக நின்று கத்துகிற மாதிரி இருந்தது. அதனால் நன்றாகவே கத்தினேன். நீ சந்தேகப் பிராணி, ஆகையால் போட்டதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"ஹலோ, யாராவது இருக்கீங்களா? இல்லையா? நல்லது. 2019 நவம்பரில் என் பெரியப்பா மகள் பவுலினைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் போட்ட படம் பொய். அது அவளுடைய தோழியின் கல்யாணம். பவுலின் சாட்சிக் கையெழுத்து போடப் போனவள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கல்யாணப் பெண்ணை வெட்டிவிட்டுப் போட்டேன். அவள் மேல் இருந்த கோபத்தில் அவள் கல்யாணம் நிற்க வேண்டும் என்று செய்தேன், நின்றது. அவள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. இது என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ஆண்ட்ரூ வீட்டுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆமென். இப்படிக்கு ஆஞ்சலா டொமினிக்."

போதுமா? ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள். நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி மரகதம் ஆன்ட்டி பக்கம் நீ தலைகாட்டக் கூடாது.

ஆஞ்சலா


வைட்ஃபீல்ட்,
20 ஜனவரி 2026

ஆஞ்சலாவுக்கு,

பார்த்தேன். நான் கேட்டதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறாய். சொன்ன சொல்லை நானும் காப்பாற்றுவேன், மரகதம் ஆன்ட்டியைத் தேடிப் போக மாட்டேன்.

அழிக்காதே.

பவுலின்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
22 ஜனவரி 2026

அன்புள்ள பவுலின் அக்காவுக்கு,

இது இன்றைக்கே உன் கைக்கு வர வேண்டும் என்று கூரியரில் தனியாகச் சொல்லி அனுப்புகிறேன். உன் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், நீ என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாய் என்று பயமாக இருந்தது.

நேற்று மரகதம் ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். கல்யாணப் புடவை விஷயம் என்று நினைத்து அம்மா காபி கலக்கப் போனார். ஆன்ட்டி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார். நான் எழுதியது, அக்கா. சிவாஜிநகர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

"இன்னா ஆஞ்சலா இது?" என்றார்.

"இங்க யாரு வந்து பாக்கப் போறாங்கன்னு எழுதியிருக்கே. நான் பாத்தேன். காலைல செபமாலை முடிச்சதும் நான் மொதல்ல பாக்கறதே அதத்தான். அந்த ரோஜாப்பூ போடறது யாருன்னு நெனச்சே? நான்தான் போடறேன்."

அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா காபித் தட்டோடு நடுவில் நின்றார். ஆன்ட்டி காபியைத் தொடவில்லை.

அவர் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். அக்கா, பங்கில் இருக்கிற அத்தனை அம்மாக்களும் அத்தனை ஆன்ட்டிகளும் அங்கே இருக்கிறார்கள். வரிசையாகக் கூப்பின கைகள். "காட் பிளஸ் யூ மை சைல்ட்" என்று ஒருவர். "இது நம்ம பெர்னதெத் பொண்ணைப் பத்தியா?" என்று ஒருவர். எதையும் படிக்காமல் "குட் மார்னிங் ஆல்" என்று ஒருவர். என்னை அழவைத்ததும் சிரிக்கவைத்ததும் அது ஒன்றுதான். அழிக்கலாம் என்றால் பாதிப் பேர் தங்கள் பக்கத்தில் பகிர்ந்துவிட்டார்கள்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. ஆண்ட்ரூவைக் கேட்டால், "நீ ஏன் என்கிட்ட சொல்லல? இனிமே அம்மா சொல்றதுதான்" என்கிறான். ஆன்ட்டி என்ன சொல்கிறார் தெரியுமா? மூன்றாம் ஓலையை வாசிக்கச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா என்று உன்னைக் கேட்டுத்தான் ஃபாதரிடம் பேசுவாராம். "அநியாயம் யாருக்கு நடந்துதோ, அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்கிறார்.

படிக்கட்டும் என்று சொல்லு, அக்கா. நான் உன் காலில் விழுகிறேன். ராம்கிக்குப் பிறகு இந்த ஒருத்தனைத்தான் எனக்குப் பிடித்தது. அவன் இல்லாமல் என்னால் முடியாது. ஹால் புக் செய்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது என்பதெல்லாம் அப்புறம்.

ஒன்று மட்டும் சொல். அங்கே யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அங்கே எழுதச் சொன்னாயா?

உன் தங்கை,
ஆஞ்சலா


வைட்ஃபீல்ட்,
23 ஜனவரி 2026

ஆஞ்சலாவுக்கு,

தெரியும்.

கொரோனாவில் கோவிலைப் பூட்டியபோது பூசையை நேரலையில் அந்தப் பக்கத்தில்தான் போட்டார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் உட்கார்ந்து அம்மாக்களுக்குக் கணக்குத் திறந்துகொடுத்தீர்கள். இங்கே அமுக்கு, இங்கே தள்ளு என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அவர்கள் உள்ளே வந்தார்கள், நீங்கள் போய்விட்டீர்கள். இளையோர் குழுவில் இப்போது ஆக இளையவர் லில்லி ஆன்ட்டி, போன வருஷம்தான் ரிட்டையர் ஆனார். நீங்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோஜாப்பூ போட்டால் அது ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டீர்கள். நான் மட்டும் உள்ளேயே இருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உனக்குப் பொய் சொல்லவில்லை. அங்கே யாரும் இல்லை என்று சொன்னது நீ. ஆண்ட்ரூ வீட்டுக்குத் தெரியாது என்ற வரியையும் நான் எழுதச் சொல்லவில்லை. அதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருக்கும். போகப் போவதில்லை.

உன் அப்பாவிடம் நான் சொன்னது தப்புத்தான். நல்லதுக்கு என்று நினைத்துச் சொன்னேன், உன் படிப்பே போகும் என்று நினைக்கவில்லை. அதற்கு நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நீ என் கல்யாணத்தில் கை வைத்தாய். இரண்டையும் தராசில் வைக்காதே.

புதன்கிழமை அம்மாவும் உன் பதிவின் கீழே எழுதியிருந்தாள். எல்லோரும் பார்க்க: "பவுலின் என் மகள். நான் அவளை நம்பவில்லை. பெர்னதெத்." அப்புறம் போன் செய்தாள். "வீட்டுக்கு வாடி" என்றாள், அழுதாள். நான் வாயால் சொன்னதை நம்பாதவள், பார்கவியை நேரில் நிறுத்தியும் நம்பாதவள், நீ அங்கே எழுதியதும் நம்பிவிட்டாள். எனக்குச் சந்தோஷமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இப்போதுவரை இரண்டில் எது அதிகம் என்று தெரியவில்லை.

மரகதம் ஆன்ட்டியும் போன் செய்தார். நான் தேடிப் போகவில்லை, அவரே கூப்பிட்டார். "உன் மனசு நொந்து போயிருக்கும், கண்ணு. சொல்லு, நிறுத்திடட்டுமா? நீ நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்றார். யாருடைய வாயிலிருந்தாவது இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் இத்தனை வருஷம் கனவு கண்டிருக்கிறேன். உன் கல்யாணம் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது, ஆஞ்சலா. கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பதில் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று உனக்கு எழுதப் போவதில்லை. ஆன்ட்டியும் சொல்ல மாட்டார். ஆண்ட்ரூவுக்கும் தெரியாது. உன் அப்பா ஃபாதரைப் போய்ப் பார்த்தால் அவரும் வாய் திறக்க மாட்டார், ஆன்ட்டி பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, உன் அம்மாவை அழைத்துக்கொண்டு, முன்வரிசையில் போய் உட்கார். உன் பெயர் வருமா, வராதா என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்துகொள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பவுலின்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
25 ஜனவரி 2026

பவுலினுக்கு,

வாசித்தார்கள்.

நீ வருவாய் என்று நினைத்தேன். பார்த்து ரசிக்க ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பாய் என்று பூசை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீ வரவே இல்லை. பெரியம்மா மட்டும் வந்திருந்தார். என் பக்கம் பார்க்காமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஃபாதர் அறிக்கையை ஆரம்பித்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது. நவநாள் வாசித்தார். குடியரசு தினக் கொடியேற்றம் வாசித்தார். பங்குப் பேரவைக் கூட்டம் வாசித்தார். பின்னால் இருந்த அத்தனை ஆன்ட்டிகளும் என் முதுகைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஓலை என்றார். வேறு ஒரு ஜோடியின் பெயர் வந்தது. அப்புறம் இன்னொரு ஜோடி. தாளை மடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கடைசியாகத்தான் என் பெயர் வந்தது. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் கேட்டபோது கோவிலில் ஒரு இருமல்கூட இல்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னால் எழ முடியவில்லை.

வெளியே வந்ததும் மரகதம் ஆன்ட்டியிடம் கேட்டேன், "பவுலின் உங்ககிட்ட இன்னா சொன்னா?" என்று.

"அன்னைக்கே சொல்லிட்டாளே, படிக்கட்டும் ஆன்ட்டின்னு. உன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டா. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது" என்றார். சொல்லிவிட்டுத் தலையில் இருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆட்டோ கூப்பிடப் போனார். இந்த மனுஷியோடுதான் நான் காலம் தள்ள வேண்டும். அந்த லேமினேட் தாள் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறதாம். நான் ஃபேஸ்புக்கை விட்டுப் போகக் கூடாதாம், தினமும் காலையில் அவர் பூவுக்கு நான் லைக் போட வேண்டுமாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அழிக்க மாட்டேன். உனக்காக இல்லை, அவர் தினமும் பார்க்கிறார்.

அந்தப் பெஞ்சில் இருந்தது கொஞ்ச நேரம்தான். எனக்குக் கடைசியில் பெயர் வந்தது, உனக்கு வரவில்லை. வராமல் போனால் அதற்குப் பிறகு ஒரு மனுஷி எப்படி எழுந்து வீட்டுக்கு நடந்து போவாள் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். தெரியவில்லை. நீ எப்படிப் போனாய்?

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நான் உன்னை மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கல்யாணப் பத்திரிகை இதோடு இருக்கிறது. மரகதம் ஆன்ட்டி வைக்கச் சொன்னார், அதனால் வைத்தேன். வராதே.

ஆஞ்சலா